ஜெசிந்தா அக்காவும் ஒரு லாரி விறகும்

ஜெசிந்தா அக்கா இறந்த அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் மாதத்துக் காலை. மருத்துவமனையில் ஒரு முதியவருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் தொலைபேசி விடாமல் அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் நம் தமிழ்க் குழுவின் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்திருந்தன. யாருக்கு என்று தெரிந்துகொள்ள மேலே போய்த் தேட வேண்டியிருந்தது. அக்கா தூக்கத்திலேயே போயிருந்தார். மாரடைப்பு. எழுப்பப் போன கணவர் ஆந்த்ரேதான் கண்டிருக்கிறார்.

மாலையில் ரிச்சர்ட்சன் நகரில் அவர்கள் குடியிருப்பின் மாடிப்படியில் பிரபாகர் அங்கிள் என்னை நிறுத்தினார். அவர் நம் குழுவின் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். கண்கள் சிவந்திருந்தன, உண்மையாகவே வருந்தினார்.

"அவங்க நினைவா ஏதாவது செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. அவங்க நாத்தனாருக்கு மறுபடி விறகு அனுப்பலாம்னு பேசியிருக்கோம். ஆனா இந்தத் தடவை ஃபோட்டோ சரியா வரணும். போன தடவை மாதிரி இல்லாம, ரியல் கண்டிஷன் தெரியற மாதிரி. நீதான் ஆந்த்ரேகிட்ட எடுத்துச் சொல்லணும்."

'போன தடவை வந்ததும் உண்மையான படம்தான் அங்கிள்.' இதுதான் அந்த வாக்கியம். சொல்லியிருந்தால் பழைய வழக்கு திரும்பவும் விசாரணைக்கு வந்திருக்கும். அது முடிவதற்குள் மால்டோவாவில் பனி விழுந்திருக்கும். அங்கே ஒரு சிறு ஊரில் நீனா என்ற வயதான பெண் அடுப்பில் வைக்க விறகில்லாமல் இருந்தார். "சரி அங்கிள்" என்றேன்.

இப்போது ஏப்ரல். இனி நான் எதைச் சொன்னாலும் யாருடைய அடுப்பும் அணையப் போவதில்லை.

அக்காவை உங்களில் பலர் பொங்கல் விழாவிலும் தேவாலயத்திலும் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உதவித்தொகை கிடைத்து சோவியத் நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போனவர். படித்து முடிப்பதற்குள் அந்த நாடே இல்லாமல் போனது. சேர்த்துக்கொண்டது ஒரு நாடு, பட்டம் கொடுத்தது மால்டோவா என்ற வேறொரு நாடு. கல்லூரிக் கட்டடம் மட்டும் அதேதான். அங்கேயே மருத்துவமனை எலக்ட்ரீஷியனான ஆந்த்ரேயைக் கல்யாணம் செய்துகொண்டு, வடக்கே ஒரு சிறு ஊரில் பல வருடங்கள் டாக்டராக இருந்தார். டெக்ஸாஸுக்கு வந்தபின் அந்தப் பட்டம் இங்கே செல்லவில்லை. தமிழ், ரஷ்யன், ருமேனியன் மூன்றுக்கும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் ஆனார். நான் அதே வேலையில் தமிழுக்கு மட்டும்.

"ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடாத. அக்கான்னு சொல்லு. உனக்கும் எனக்கும் ஒரே சம்பளம்" என்றார் முதல் நாளே.

அவரைப் போலச் சந்தேகப்படும் ஒருவரை நான் கண்டதில்லை. பாலை மூடி திறந்து முகர்ந்த பிறகே ஊற்றுவார். வங்கியில் ஒரே கேள்வியை இரண்டு ஜன்னல்களில் கேட்பார். ஒரு நாள் வேலை முடிந்து, என் காரில் வாருங்கள் என்றேன். ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ எதுக்கு எனக்கு ரைடு தாற?"

"நானும் ரிச்சர்ட்சன்தான் அக்கா. போற வழிதானே."

"போற வழியில எத்தனையோ பேரு நிக்கானுவ. அவனுவள எல்லாம் ஏத்திட்டா போற? உனக்கு என்னட்டி வேணும்?"

எதுவும் வேண்டாம் என்றேன். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மறுநாள் உப்புநீரில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒரு பாட்டில் கொண்டுவந்து கார் இருக்கையில் வைத்துவிட்டு, "இப்ப ஏறலாம்" என்று ஏறினார். அன்றிலிருந்து ஏறினார். "இலவசம்னு ஒருத்தன் வந்தா கதவுல சங்கிலியப் போட்டுட்டுத்தான் பேசணும்" என்பார். இதை அவர் வேடிக்கையாகச் சொன்னதே இல்லை.

நமக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஃபிரிஸ்கோவில் ஒரு பொங்கல் விருந்தின்போது, சமையலறையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டே சுதா ஆன்ட்டி கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் வந்த நாள்லேர்ந்து கிரீன் கார்டுக்கு லைன்ல நிக்கறார். பசங்க காலேஜுக்கே போயாச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி கார்டு லாட்டரில விழுந்துச்சு?"

"எனக்கு விழல. ஆந்த்ரேக்கு விழுந்துது. அவன் பொறந்த ஊருக்கு லாட்டரி உண்டு, நம்ம ஊருக்குக் கிடையாது. நீயும் அப்பவே ஒரு மால்டோவாக்காரனப் பாத்துக் கட்டியிருக்கணும். இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுதா ஆன்ட்டியும் சிரித்தார். ஆனால் அக்கா மிச்சமிருந்த சாம்பார் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பியதும் பேச்சு திசை மாறியது. டாக்டர் என்றால் ஏன் இங்கே பரீட்சை எழுதவில்லை? இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள், பிள்ளை குட்டி இல்லை, எதற்கு இப்படி மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டு போகிறார்? இந்தக் கேள்விகளை நானும் எனக்குள் கேட்டிருக்கிறேன். கேட்கிற கதையைப் படித்ததோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவர் சொன்னவற்றையும் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் பார்த்தேன். பாதிக்கு ஆதாரம் கிடைத்தது.

அவற்றில் ஒன்று சம்பளக் கதை. நோயாளிக்காகக் காத்திருந்த ஒரு மதியம், மருத்துவமனை நடைபாதையில் சொன்னார். தொண்ணூறுகளில் பல மாதம் சம்பளம் வரவில்லை. பிறகு பணத்துக்குப் பதில் பொருளாக வரத் தொடங்கியது.

"ஒரு மாசம் வினிகர். பெட்டி பெட்டியா வினிகர். நானும் ஆந்த்ரேயும் அதத் தூக்கிட்டுப் போயி ரோட்டோரத்துல விக்க உக்காந்தோம். பாத்தா இந்தப் பக்கம் நர்ஸ் வினிகர் விக்கா, அந்தப் பக்கம் வாத்தியார் வினிகர் விக்காரு. ஊருக்கே அதுதான் சம்பளம். வாங்குகதுக்கு ஆளு எங்க இருக்கு?"

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ண? எல்லா வீட்டுலயும் ஊறுகாய் போட்டோம்."

பொருளாகச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்குப் புத்தகங்களில் சான்று இருந்தது. வினிகருக்கு இல்லை. நான் நம்புகிறேன், ஆனால் தேடினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று மின்விளக்குக் கதை. அவர் வேலை செய்த மருத்துவமனையில் நோயாளி ஊசி, பஞ்சு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தலைக்கு மேல் போட பல்பையும் கொண்டுவர வேண்டும். வீட்டுக்குப் போகும்போது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். "நான் ரவுண்ட்ஸ் போகச்சில வாசல்ல நின்னு பாத்தாப் போதும். வெளிச்சம் இருந்தா ஆளு இருக்கு. இல்லன்னா ஒண்ணு தேறியிருப்பான், இல்ல செத்திருப்பான்" என்றார். அப்போது அவரை உள்ளே அழைத்தார்கள். எழுந்து, சேலை மடிப்பைத் தட்டிவிட்டு, ஒரு ரஷ்யக் கிழவிக்குக் கொழுப்பு மாத்திரையைப் பற்றி மொழிபெயர்க்கப் போனார்.

டெக்ஸாஸ் உறைந்த அந்தப் பிப்ரவரி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் போன பிறகு நாம் என்ன செய்தோம்? இருக்கிற போர்வையெல்லாம் சுற்றிக்கொண்டு, கிரானைட் மேடை போட்ட சமையலறையில் பிள்ளைகளோடு நின்று சிரித்தபடி படம் எடுத்துக் குழுவில் போட்டோம். குளிர் அந்தப் படங்களில் தெரியவில்லை. வீடு தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. ஊரில் இருக்கும் என் சித்தி அதைப் பார்த்துவிட்டு "ஜாலியா இருக்கீங்க போல" என்று அனுப்பினார். நான் கையுறையைக் கழற்றாமல் பதில் தட்டச்சு செய்ய முயன்றுகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் அக்கா எந்தப் படமும் அனுப்பவில்லை. இரண்டு அறைகளையும் பூட்டி, கதவிடுக்கில் துணி அடைத்து, ஆந்த்ரேயும் அவருமாகச் சமையலறையிலேயே கிடந்தார்கள். நலமா என்று அழைத்தபோது, "கரன்ட் வரும்னு சொல்லுகானுவ. வந்த பொறவு நம்புகேன்" என்றார்.

விறகு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்து நாட்டில் போர் தொடங்கியதும் மால்டோவாவில் எரிவாயு விலை ஏறியது. ஆந்த்ரேயின் அக்கா நீனா, ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, தனியாள். ஓய்வூதியத்தில் ஒன்று சாப்பிடலாம், அல்லது வீட்டைச் சூடாக்கலாம். குளிர்காலம் முழுக்க மற்ற அறைகளை மூடிவிட்டு அடுப்பு இருக்கும் ஒரே அறையில் இருப்பார். இதை அக்கா என்னிடம் சொல்ல, நான் பிரபாகர் அங்கிளிடம் சொல்ல, குழு உடனே முன்வந்தது. நல்ல மனதோடுதான். குளிர்கோட்டுகள் சேர்க்கலாம் என்றார்கள்.

"கோட்டு வேண்டாம். கோட்டு எல்லார்கிட்டயும் உண்டு. விறகு வேணும். லாரிக்காரனுக்குப் பணத்த இங்கேருந்தே அனுப்பிரலாம்" என்றார் அக்கா.

"செஞ்சிடலாம்மா. இறக்கினதும் ஒரு ஃபோட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"யாருக்கு வேணும் இந்த ஃபோட்டோ?"

"டோனர்ஸ் கேப்பாங்கல்ல?"

"விறகு அவியளுக்கா, நீனாவுக்கா?"

பிரபாகர் அங்கிள் கோபப்படவில்லை. முன்பு வேறொரு உதவியில் ஏமாந்ததைச் சொல்லி, வெளிப்படையாக இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். அதில் தவறில்லை. அக்கா கடைசியில் ஒத்துக்கொண்டார். நீனாவுக்கு விறகு வேண்டும். அதற்கு மேல் அவரிடம் வாதம் இல்லை.

படம் வந்ததும் ஃபிரிஸ்கோவில் ஒரு வீட்டின் கூடத்தில், பெரிய தொலைக்காட்சியில் போட்டார்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெண்மணி. கழுத்தில் மென்மயிர் வைத்த கறுப்புக் கோட்டு, உதட்டுச் சாயம், மஞ்சள் மணிமாலை. அவர் முன்னால் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. அதில் பாலாடைக்கட்டி, ஊறுகாய், சுட்ட பலகாரம், ஒரு புட்டி திராட்சைமது, பட்டை வெட்டிய கண்ணாடிக் கிண்ணங்கள். பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய இன்னும் கிண்ணங்கள். சுவரில் கம்பளம். ஓரத்தில் பியானோ.

விறகு எங்கும் இல்லை.

"இது நம்ம வீட்டை விட நல்லா இருக்கே" என்றார் ஒருவர்.

"பியானோ வேறயா? எங்க பொண்ணுக்கே கீபோர்டுதான் வாங்கிக் குடுத்திருக்கோம்" என்றார் சுதா ஆன்ட்டி. சிரிப்பு எழுந்தது.

பிரபாகர் அங்கிள் சங்கடத்தோடு கேட்டார். "தப்பா நினைக்கக் கூடாது. இது அவங்க வீடுதானா?"

"ஆமா."

"அவங்கதானா?"

"ஆமா."

அவ்வளவுதான். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விளக்கம் வரும் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் செருப்பைத் தேடினார்.

நெடுஞ்சாலையில் காரை ஓட்டியபடி, ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னார். கோட்டு பக்கத்து வீட்டு வேராவுடையது. பலகாரமும் வேரா சுட்டது. வீட்டுக்கு ஆள் வந்தால், அது லாரிக்காரனே ஆனாலும், இருப்பதையெல்லாம் மேசையில் வைப்பதுதான் அங்கே வழக்கம்; அடுத்த வாரம் என்ன சாப்பிடுவோம் என்று அப்போது யோசிப்பதில்லை. பியானோவும் அலமாரியும் சம்பளம் ஒழுங்காக வந்த பழைய காலத்தில் வாங்கியவை. இப்போது அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அதே அலமாரி, அதே கிண்ணம், வாங்க ஆளில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது நீனாவுக்கு அநாகரிகமாகப் பட்டிருக்கிறது. உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்கிற படம் அல்லவா? அதற்காகக் குளிர்காலத்தில் திறக்காத பெரிய அறையைத் திறந்திருக்கிறார்.

"அவ வாய்ப்பக்கம் பெருசாக்கிப் பாரு. வெள்ளையா புகை மாதிரி ஒண்ணு தெரியும். அது அழுக்கில்ல. மூச்சு."

வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு வெள்ளை மங்கல் இருந்தது. மூச்சுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

"இத அங்கேயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று காரிலேயே கேட்டிருந்தேன்.

"எங்க அம்மைக்க கல்யாண ஃபோட்டோவுல கழுத்து நெறைய காசுமாலை கிடக்கும். எதிர்த்த வீட்டுக்காரிக்க மாலை. ஃபோட்டோ எடுத்த கையோட கழத்திக் குடுத்தாச்சு. அதப் பாத்து எங்கள யாரும் பணக்காரின்னு சொன்னதில்ல. அங்க இருந்தாவளே இத்தனை பேரு, அவிய வீட்டுல அப்படி ஒரு ஃபோட்டோ இருக்காதா? நான் சொல்லித்தான் தெரியணுமா?"

பிறகு, வண்டி அவர் குடியிருப்பு வாசலில் நின்ற பிறகு, இறங்காமல் சொன்னார்: "கிழிஞ்ச துணியோட நின்னாத்தான் விறகுன்னா, அது உதவி இல்லட்டி. நடிச்சதுக்குக் கூலி."

அடுத்த குளிர்காலத்துக்குக் குழு விறகு அனுப்பவில்லை. யாரும் முடிவெடுக்கவில்லை, பேச்சு வராமலே போனது. அக்காவே அனுப்பினார். அதற்காக விடுமுறை நாட்களிலும் தொலைபேசி மொழிபெயர்ப்பு எடுத்தார். நெஞ்சு வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் எத்தனையோ முறை மொழிபெயர்த்தவர், தனக்கு அப்படி ஏதாவது இருந்ததா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

அவர் இறந்த மாலை, மாடிப்படியிலிருந்து நேராக ஆந்த்ரேயிடம்தான் போனேன். சமையலறையில் யாரோ கையில் கொடுத்த தட்டோடு உட்கார்ந்திருந்தார். குழு சொன்னதைச் சொன்னேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ரஷ்யனும் சந்திக்கிற இடம் மிகச் சிறியது. "அவள் இருந்தால் வேண்டாம் என்பாள்" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீனாவுக்கு விறகு வேண்டும்" என்றார். இரண்டும் உண்மை என்பதால் நான் எதையும் சேர்க்கவில்லை.

அவர் நினைவாக ஒரு பொருளும் என்னிடம் இல்லை. வெள்ளரிக்காய் பாட்டில்களைக்கூட அவர் கழுவித் திருப்பி வாங்கிக்கொள்வார். நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வியை. 'யாருக்கு வேணும் இந்த ஃபோட்டோ?' துயரத்தைக் காட்டுகிற எந்தப் படம் முன்னால் வந்தாலும், நம் குழுவின் இதழில் வந்தாலும், முதலில் அதைக் கேட்கிறேன். என்னை இரங்க வைக்கிற படத்தைக் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். இது நல்ல பழக்கமா என்று தெரியவில்லை. அவரிடமிருந்து வந்தது, வைத்திருக்கிறேன்.

பிறகு நடந்தது இது. நான் நீனாவைப் பார்த்ததில்லை. ஆந்த்ரே சொன்னதைத்தான் எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் லாரி போய் நின்றது. ஓட்டுநர், இறக்கியதும் படம் எடுக்க வேண்டும், அமெரிக்காவில் கேட்கிறார்கள் என்றார். பழைய உடுப்பாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நீனா வாசற்கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த வேரா, கணவரின் கிழிந்த சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக வெளியே வந்து, "நான்தான் நீனா, இங்கே இறக்கு" என்றார். ஓட்டுநருக்குப் படம் கிடைத்தால் போதும், இறக்கினார்கள். விறகுக்குப் பக்கத்தில் வேரா நின்றார். படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் ஜனவரி இதழில் வந்தது. கீழே 'மறைந்த ஜெசிந்தாவின் நாத்தனார் நீனா' என்று போட்டிருந்தது. இப்போதுதான் மனதுக்கு நிறைவாக இருக்கிறது என்று குழுவில் பலர் எழுதினீர்கள்.

லாரி போன பிறகு வேராவும் நீனாவும் விறகு முழுவதையும் வேலிக்கு மேலாக நீனாவின் முற்றத்துக்கு மாற்றினார்கள். அது மார்ச் வரை வந்தது.